சிவில் பக்கம் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

கறுப்பு கோட் போட்ட புதிதில் எல்லாப் பிள்ளைகளும் என்னிடம் கேட்பது, எந்தச் சட்டப் புத்தகம் வாங்கலாம் என்றுதான். புத்தகம் இருக்கட்டும். ஐந்து பழைய பத்திரங்களை எடுத்து வைத்து வாய்விட்டுப் படியுங்கள். நாற்பது வருஷமாக நான் பார்த்த சொத்து வழக்குகளில் பாதிக்கு மேல் மோசடியால் வந்தவை அல்ல. கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரும் யாருக்கும் சொல்லாததால் வந்தவை.

1. தலைப்பை நம்பாதீர்கள், உள்ளே படியுங்கள்.

ஒரு பையன் வந்தான். அம்மா எழுதிக்கொடுத்த வீடு, மேலே கொட்டை எழுத்தில் ‘செட்டில்மெண்ட் பத்திரம்’, முறையாகப் பதிவும் ஆகியிருந்தது. அதை நம்பிக் கடன் வாங்கி மாடி எடுத்துவிட்டான். பிறகு மனஸ்தாபம். அம்மா அந்த வீட்டையே வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். ‘என் ஆயுள் வரை நானே சகல பாத்தியங்களுடனும் ஆண்டு அனுபவித்து, என் காலத்துக்குப் பிறகு நீ அடைந்துகொள்ள வேண்டியது’ என்று இருந்தது. ‘இன்று முதல் உனக்குப் பாத்தியம்’ என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை. உரிமை இன்றைக்கே கைமாறி, குடியிருக்கும் சுகத்தை மட்டும் அம்மா வைத்துக்கொண்டால் அது செட்டில்மெண்ட். இறக்கும்வரை எதுவுமே கைமாறாது என்றால், மேலே என்ன பெயர் போட்டிருந்தாலும் அது உயில். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், பதிவு செய்திருந்தாலும் மாற்றலாம். அந்தப் பையன் அந்த வரியை விரலால் தடவித் தடவிப் படித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

2. விடுதலைப் பத்திரம் என்பது பங்காளி பங்காளிக்கு எழுதுவது. ஏற்கெனவே பங்கு உள்ளவருக்குத்தான் நம் பங்கை விட்டுக்கொடுக்க முடியும். சம்பந்தமில்லாத ஆளுக்கு ‘விடுதலை’ என்று எழுதி வந்தால், அது கிரயமா தானமா என்று முதலில் கேளுங்கள்.

3. பட்டா, வில்லங்கம் ஆகிய இரண்டையும் பத்திரத்தோடு குழப்பாதீர்கள். பட்டா என்பது வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் காட்டும். அதை மட்டும் வைத்து உரிமை வராது, உரிமைக்குப் பத்திரத்தைத்தான் தேட வேண்டும். அதற்காகப் பட்டாவைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அனுபவத்துக்கு அது நல்ல சாட்சி. வில்லங்கச் சான்றில் ‘இல்லை’ என்று வந்தால், கேட்ட வருஷங்களுக்குள் பதிவான வில்லங்கம் இல்லை என்றுதான் பொருள். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு சாட்சி முறையாகக் கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள் உயில் ஒன்று யார் வீட்டுப் பீரோவிலாவது இருக்கலாம். அது வில்லங்கத்தில் வராது. அதனால் வீட்டில் எத்தனை பேர், யார் எப்போது இறந்தார்கள் என்று வாயால் கேட்டு வாரிசு வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. செக்குபந்தியை, அதாவது நாலு எல்லை விவரத்தை, தலைகீழாகப் படிக்காதீர்கள். ‘ஓடைக்குத் தெற்கு, ஊராட்சிப் பாதைக்கு வடக்கு’ என்றால் நம் இடம் ஓடைக்குத் தெற்கே இருக்கிறது. அதாவது நமக்கு வடக்கெல்லை ஓடை. புதிதாக வருகிறவர்கள் பத்துக்கு ஐந்து பேர் ஓடையைத் தெற்கில் வரைந்து வழக்குரை தாக்கல் செய்கிறார்கள். கையில் ஒரு தாள் எடுத்துக் கட்டம் போட்டு, நாலு பக்கமும் எழுதிவிட்டுப் பிறகு மற்றதைப் படியுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது மனப்பாடமாக இருக்கட்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று வரும், ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். அளவும் எல்லையும் ஒத்துப்போகவில்லை, ஆனால் எல்லை தெளிவாக இருக்கிறது என்றால், பொதுவாக எல்லைதான் நிற்கும்.

5. அக்ரிமெண்ட் கிரயம் ஆகாது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு இதைப் பச்சையாகவே சொல்கிறது: கிரய ஒப்பந்தம் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் தானாக உண்டாக்காது. எழுதிக்கொடு என்று கேட்கும் உரிமைதான் கிடைக்கும், அதற்கும் பொதுவாக மூன்று வருஷக் கெடு உண்டு. பவர் வாங்கிவிட்டோம், பணமும் முழுசாகக் கொடுத்துவிட்டோம் என்று வருகிறவர்களுக்கு, சூரஜ் லாம்ப் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். பவர் வழியாக நடக்கும் ‘விற்பனை’யால் உரிமை கைமாறாது. எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கிரயத்தை முடிக்கச் சொல்லி விரட்டுங்கள்.

6. ‘ஆயுள் பாத்தியம்’ என்ற சொல்லைக் கண்டதும் பேனாவைக் கீழே வையுங்கள்.

பழைய பத்திரங்களில் விதவைப் பெண்களுக்கு இதைத்தான் எழுதுவார்கள். ‘ஜீவிய காலம் வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, பராதீனம் செய்ய உரிமை இல்லை.’ இதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு விற்க அதிகாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவை உட்கார்ந்து படியுங்கள். துளசம்மா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஜீவனாம்ச உரிமைக்காகப் பெண்ணுக்குக் கொடுத்த சொத்து என்றால், தாளில் என்ன கட்டுப்பாடு எழுதியிருந்தாலும் அவர் முழு உரிமையாளராகிவிடுவார். முன் உரிமை எதுவும் இல்லாதவருக்கு உயில் வழியாகப் புதிதாகக் கொடுத்தது என்றால் கட்டுப்பாடு அப்படியே நிற்கும். ஆகவே, எழுதியிருப்பது என்ன என்பதோடு, ஏன் கொடுத்தார்கள் என்றும் தேடுங்கள். இந்த ஒன்றைத் தேடாததால் வயதான பெண்கள் சொந்த நிலத்தில் குத்தகைக்காரர் மாதிரி வாழ்ந்து செத்திருக்கிறார்கள். எனக்கு ஆறாத வருத்தம் இது.

7. சட்டத்தைப் படிக்கும்போது பொருள் வரையறைப் பிரிவில் தொடங்குங்கள். ஊரில் ஒரு சொல்லுக்கு உள்ள பொருள் சட்டத்தில் இருக்காது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி வெட்டு மரம், வளரும் பயிர், புல் ஆகியவை அசையாச் சொத்தில் சேராது. ஒரு தோப்பில் நிற்கும் ஒரே மாமரத்தைச் சீக்கிரம் வெட்டி எடுக்க விற்றால் அது அசையும் பொருள். நின்று காய்க்கட்டும் என்று மரத்தையே வாங்கினால் அசையாச் சொத்து, பதிவு வேண்டியிருக்கும். ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று தொடங்கும் பிரிவு மற்றதை மீறிக்கொண்டு போகும். ‘வரம்புரையாக’ என்று வந்தால் மேலே கொடுத்ததில் ஒரு பிடி திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருள். ‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டும்’ இரண்டையும் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள்.

8. செட்டில்மெண்ட் என்றால், கையெழுத்துக்கு முன்னால் எழுதிக்கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பத்திரத்தைப் படித்துக்காட்டிப் ‘புரிகிறதா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “அம்மா, இதில் கையெழுத்துப் போட்டபிறகு, நாளைக்கு ஒரு அவசரம் என்றால் இந்த வீட்டை நீங்க விற்க முடியுமா?” என்று கேளுங்கள். “ஏன் முடியாது, என் வீடுதானே” என்று அவர் சொன்னால், செட்டில்மெண்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளையை வெளியே நிற்கச் சொல்லி, முதலிலிருந்து பேசுங்கள்.