பால் குறைவதும் கருவிகளும்

"பால் வற்றிவிட்டது, டாக்டர்" என்று கைக்குழந்தையுடன் வரும் தாயிடம் நாங்கள் முதலில் கேட்பது உணவைப் பற்றியன்று. பாலூட்ட என்ன கருவி பயன்படுத்துகிறீர்கள் என்பதையே. பல வேளைகளில் பையிலிருந்து நிப்பிள் ஷீல்டு எனப்படும் சிலிக்கான் உறையோ ரப்பர் சூப்பானோ வெளிவரும்.

இறைக்கிற கிணறுதான் ஊறும். குழந்தை சப்பும்போது மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினையும் ஆக்ஸிடோசினையும் வெளியிடுகிறது. முன்னது பாலை உண்டாக்கும், பின்னது வெளித்தள்ளும். பால் மார்பிலேயே தேங்கினால் சுரப்பு தானாகக் குறையும்.

தட்டையான காம்பு, குறைமாதக் குழந்தையின் வலுவற்ற உறிஞ்சல் ஆகியவற்றுக்கு ஷீல்டு உதவும். அக்காலத் தடித்த ரப்பர் உறைகளைவிட இன்றைய மெல்லிய சிலிக்கான் மேலானது. ஆயினும் குழந்தை நுனியை மட்டும் சப்பினால் மார்பு காலியாகாது. எனவே ஒவ்வொரு முறை ஊட்டிய பின்னும் எஞ்சிய பாலைக் கையால் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். சூப்பானோ பசியின் அறிகுறியையே மறைத்து, ஊட்டும் தடவைகளைக் குறைக்கிறது.

சிப்காட் ஆலைகளுக்குத் திரும்பும் தாய்மாருக்கு பம்ப் நல்ல துணை. சட்டப்படி முதலிரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. அதன்பின், குழந்தைக்கு 15 மாதமாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகளைச் சட்டம் அளிக்கிறது. குழந்தை வீட்டில் இருந்தால், அந்த இடைவேளைகளில் பாலை எடுத்துவிடுங்கள். ஷிஃப்ட் முழுவதும் மார்பு கனத்தபடியே இருந்தால் சில வாரங்களில் சுரப்பு சரியும். பம்பின் புனல் காம்பை இறுக்கினால் வலிக்கும், பாலும் குறைவாக வரும். அளவு மாற்றிப் பாருங்கள். பம்பில் வந்த அளவைப் பார்த்து மனம் தளர வேண்டா. நன்றாகச் சப்பும் குழந்தை அதைவிட அதிகமாகவே எடுக்கும்.

எடுத்த பாலைப் புட்டியில் கொடுப்பதைவிடச் சங்கில் கொடுப்பதே எங்கள் விருப்பம். கன்னடத்தில் ஒளலெ, தெலுங்கில் உக்குகின்னெ. இந்த எல்லைப் பகுதிப் பாட்டிமாருக்கு மூன்று பெயரும் தெரியும். ரப்பர் காம்பு இல்லாததால் குழந்தை மார்பை மறப்பதில்லை. கொதிநீரில் கழுவுவதும் எளிது.

பிறந்து ஐந்து நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கும், எடையும் கூடும் குழந்தைக்குப் பால் போதுகிறது. ஷீல்டு பயன்படுத்தும் தாய்மார் மட்டும் வாரம் ஒருமுறை குழந்தையை எடை பார்க்கக் கொண்டுவாருங்கள்; வரும்போது அந்த உறையையும் எடுத்து வாருங்கள்.