மூக்கைச் சுற்றிய சொற்கள்

கேள்வி: போட்டித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை அகராதி வரிசையில் படித்து வருகிறேன். 'எஸ்', 'என்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் பக்கத்துக்கு வந்தபோது வியப்பாக இருந்தது. ஸ்னீஸ் என்றால் தும்மல், ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோந்து பார்ப்பது, ஸ்னஃப் மூக்குப்பொடி, ஸ்னவுட் விலங்கின் மூஞ்சி. எல்லாமே மூக்கோடு ஒட்டியவை. இது தற்செயலா? முதல் இரண்டு எழுத்தை வைத்தே தெரியாத சொல்லுக்குப் பொருள் ஊகிக்கலாமா?

- கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அதற்காக ஊகிக்கவும் துணியாதீர்கள்.

17ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் ஜான் வாலிஸ் தம் ஆங்கில இலக்கண நூலில் இத்தகைய சொற்கூட்டங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஃபர்த், 1930இல் வெளியான தம் நூலில் இந்தத் தொடக்க ஒலிக்கு 'ஃபோனஸ்தீம்' என்று பெயர் வைத்தார். இது முன்னொட்டு அல்ல. டெலிஃபோனில் 'டெலி'யை எடுத்துவிட்டாலும் 'ஃபோன்' தனியே பொருள் தரும். ஸ்னிஃப்பில் 'ஸ்ன்' போனால் மிஞ்சும் 'இஃப்' மூக்கைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிறகு ஏன் இந்த ஒற்றுமை? ஒரு காரணம் பரம்பரை. ஜெர்மன் மொழியிலும் குறட்டை, சளி, மூஞ்சி ஆகியவற்றுக்கான சொற்கள் 'ஷ்ன்' என்றுதான் தொடங்குகின்றன. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள்.

மற்றொரு காரணம் எனக்கு இன்னும் பிடித்தமானது. ஸ்னீஸ் என்ற சொல் பிறக்கும்போது 'ஸ்ன்' என்று தொடங்கவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'ஃப்னேயோசன்'. 'ஃப்ன்' என்ற தொடக்கம் ஆங்கிலத்தில் மெல்ல வழக்கொழிந்தது. அப்போது அந்தச் சொல் சில காலம் 'நீஸ்' என்றும் வழங்கியது; 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில்கூட அந்த வடிவத்தைக் காணலாம். கடைசியில் நிலைத்ததோ ஸ்னீஸ். குறட்டையும் மோப்பமும் ஏற்கெனவே 'ஸ்ன்' வீட்டில் குடியிருந்தன. தும்மலும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டது. பொருளில் நெருங்கிய சொற்கள் ஒலியிலும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

'க்ள்' என்று தொடங்கும் சொற்களையும் பாருங்கள். க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிஸன் எல்லாம் ஒளிர்வதைக் குறிப்பவை. மகிழ்ச்சியைச் சொல்லும் க்ளாட் என்ற சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் 'பளபளப்பான' என்ற பொருள் இருந்தது. இன்னொன்றும் உண்டு: சினிமா உலகத்தின் க்ளாமர். அதன் மூதாதை, நீங்கள் தேர்வுக்குப் படிக்கும் கிராமர்தான்! படிப்பாளிகளுக்கு மந்திர வித்தை தெரியும் என்று நம்பிய காலத்தில், கல்வியைக் குறித்த சொல் ஸ்காட்லாந்துப் பேச்சில் 'க்ளாமர்' ஆகி, கண்கட்டு வித்தை என்ற பொருளைப் பெற்றது. சர் வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் வழியே அது பரவலானது. கவர்ச்சி என்ற பொருள் பின்னால் வந்தது.

ஆங்கிலம் பேசுவோர் மனத்திலும் இந்த உறவு இயங்குகிறது. மொழியியலாளர் பெஞ்சமின் பெர்கன் 2004இல் வெளியிட்ட ஆய்வில், க்ளிட்டரைப் பார்த்த உடனே க்ளோவைக் காட்டினால் பங்கேற்றவர்கள் அதை வேகமாக இனங்கண்டார்கள். ஒலி மட்டுமோ பொருள் மட்டுமோ ஒத்த சொற்களுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை.

ஆனால் ஸ்னோ பனி, ஸ்னேக் பாம்பு, ஸ்னெயில் நத்தை. க்ளவ் கையுறை, க்ளூ பசை. மூக்கும் இல்லை, ஒளியும் இல்லை. தேர்வில் தெரியாத சொல் வந்தால் அது நிற்கும் வாக்கியத்தைப் பாருங்கள். எழுத்து ஒற்றுமையை ஏற்கெனவே பொருள் தெரிந்த சொற்களைக் கொத்தாக நினைவில் நிறுத்தப் பயன்படுத்துங்கள். ஸ்ன் கொத்தை இப்போதே எழுதிவைக்கலாம். கர்வக்காரர்களைச் சொல்லும் ஸ்னூட்டியையும் அதில் சேருங்கள். மூக்கைக் குறிக்கும் ஸ்னூட் என்ற கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது அது.