பட்ட மரத்தில் ஒரு குடும்பம்

(காட்டுயிர் கேள்வி-பதில்: இந்த இதழில் ஆஸ்திரேலியாவின் மரவாழ் விலங்கான லெட்பீட்டர் பாஸம்)

வீட்டுக் கூரைக்குள் இரவெல்லாம் தடதடவென்று ஒரு பாஸம் ஓடுகிறது. அழியும் நிலையில் உள்ள லெட்பீட்டர் பாஸமாக இருக்குமோ?
– வாசகர், மெல்பர்ன்

இருக்காது. அது பூனை அளவுள்ள பிரஷ்டெயில் பாஸம். லெட்பீட்டரின் எடை 100 முதல் 170 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். வீட்டுக் கூரையில் அதற்கு வேலையில்லை. ஓட்டையை அடைப்பதற்கு முன், உள்ளே இருப்பது வெளியே போய்விட்டதா என்று பாருங்கள். பலர் இதை மறந்துவிட்டு, பிறகு நாற்றம் வருகிறது என்று எழுதுகிறார்கள்.

இந்த விலங்கு அழிந்தே போய்விட்டது என்று பல ஆண்டுகள் நம்பினார்களாமே? கண்ணில் படாமலா இருந்திருக்கும்?
– வாசகி, மதுரை

படவில்லை. 1867இல் பிரெடரிக் மெக்காய் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். முதலில் கிடைத்தவை விக்டோரியா மாநிலத்தின் பாஸ் ஆற்றுப் பக்கத்துக் காடுகளிலிருந்து. அந்தக் காடுகளையும் சதுப்பு நிலங்களையும் அழித்து விளைநிலமாக்கினார்கள். 1909க்குப் பிறகு ஒன்றுகூடச் சிக்கவில்லை. எல்லாரும் கைகழுவிய பிறகு, 1961 ஏப்ரலில் மேரிஸ்வில் ஊருக்கு அருகில் எரிக் வில்கின்சன் என்பவர் இதை உயிரோடு பார்த்தார். பத்தாண்டுகள் கழித்து, 1971இல், இதுவே விக்டோரியாவின் மாநில விலங்கானது.

பகல் முழுக்கப் பொந்துக்குள் சுருண்டு கிடக்கும். இருட்டியதும் கிளைக்குக் கிளை பாயும். தரைக்கு இறங்குவது அபூர்வம். இன்றும் இதைக் கணக்கெடுக்க, பொழுது சாயும் நேரத்தில் பொந்துள்ள ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மேலே வானத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். மங்கும் வெளிச்சத்தில் ஒரு கறுப்பு உருவம் பொந்திலிருந்து எட்டிப் பார்த்துத் தாவும். கண் இமைத்தால் தவறவிட்டோம். இப்போது தேன் வைத்துத் தானியங்கி கேமராக்களையும் பொருத்துகிறார்கள். 2024இல் ஒரு தானியங்கி கேமராவில்தான், நியூ சவுத் வேல்ஸின் காஸியஸ்கோ தேசியப் பூங்காவில், யாரும் எதிர்பாராத இடத்தில் இது பதிவானது.

கங்காரு போல இதற்கும் பை உண்டா? தனியாக வாழுமா, கூட்டமாகவா?
– பள்ளி மாணவி, யாழ்ப்பாணம்

பை உண்டு, மகளே. ஒரு ஈற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு குட்டிகள். ஏறக்குறைய மூன்று மாதம் பைக்குள் வளரும். ஒரு பொந்தில் பன்னிரண்டு வரை சேர்ந்து வாழும். அவற்றில் ஒரே ஒரு இணைதான் குட்டி போடும். குடும்பத்தில் ஆட்சி பெண்ணுடையது. வேற்றுப் பெண்ணை அண்டவிடாது. மகள்கள் மகன்களுக்கு முன்பே வெளியேற வேண்டியிருக்கும்.

எங்கள் அமைப்பு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மரக்கன்று நடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் அப்படி நட்டால் இந்த விலங்கைக் காப்பாற்றிவிடலாமே?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் நல்ல மனதை மதிக்கிறேன். ஆனால் இந்த எண்ணம் தவறு.

லெட்பீட்டர் பாஸம் பெரும்பாலும் வாழ்வது மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் காட்டில். உலகிலேயே மிக உயரமாக வளரும் பூக்கும் தாவரங்களில் ஒன்று அது. ஆனால் பாஸத்துக்கு வேண்டியது உயரம் அல்ல, பொந்து. யூகலிப்டஸில் துளையிட அங்கே மரங்கொத்தியும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி இனமே இல்லை. கிளை முறிந்து, பூஞ்சை ஏறி, கறையான் அரித்து, மரம் தானாக உள்ளே குடைபட வேண்டும். அதற்கு 120 ஆண்டுக்கு மேல் ஆகும். மரம் பட்டுப்போன பின்னும் பல பத்தாண்டுகள் நின்றபடியே வீடாக இருக்கும். மொட்டைப் பனையில் கிளி குஞ்சு பொரித்ததைப் பார்த்தவருக்கு இது புரியும்.

1939 ஜனவரியில் விக்டோரியாவில் பெருந்தீ பரவியது. மவுண்டன் ஆஷ் கடுந்தீயைத் தாங்காது. செத்து, விதையிலிருந்து புதிதாக முளைக்கும். அன்று கருகி நின்ற மரங்கள் இத்தனை காலம் பொந்து தந்தன. இப்போது அவை ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. அன்று முளைத்தவற்றுக்கோ வயது எண்பத்தைந்தைத் தாண்டியதுதான். பெரும்பாலானவற்றில் பொந்து இன்னும் விழவில்லை. பழைய வீடு இடிகிறது, புதிய வீடு எழும்பவில்லை. இந்த இடைவெளியை எந்த மரக்கன்றும் நிரப்பாது. செயற்கைப் பெட்டிகளைத் தொங்கவிடுகிறார்கள். சங்கிலி ரம்பத்தால் உயிருள்ள மரத்தில் குடைந்தும் பார்க்கிறார்கள். சில இடங்களில் பாஸங்கள் குடியேறியிருக்கின்றன. ஆனால் பெட்டி சில ஆண்டுகளில் இற்றுவிடும். காடு முழுக்க மாட்டிப் பராமரிக்க யாராலும் முடியாது.

பட்ட மரத்தைக் கழிவு என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. காட்டிலேயே நெரிசல் மிகுந்த குடியிருப்பு அதுதான்.

இதன் உணவு வாட்டில் மரப் பிசின் என்று படித்தேன். எங்கள் மலையில் வாட்டிலும் தைலமரமும் மண்டிக் கிடக்கின்றனவே, கொண்டுவந்து விட்டால் என்ன?
– வாசகர், ஊட்டி

கூடவே கூடாது. வாட்டில் சோலையையும் புல்வெளியையும் விழுங்கியதைப் பார்த்த ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? ரோமத்துக்காக நியூசிலாந்துக்குக் கொண்டுபோன பிரஷ்டெயில் பாஸம் அந்த நாட்டுக் காட்டையும் பறவைகளையும் இன்றுவரை நாசம் செய்கிறது. வந்த வாட்டிலை அகற்றும் வேலைக்குக் கை கொடுங்கள்.

மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் சுகர் கிளைடர் வளர்க்க ஆசை. இதுவும் அதுவும் சொந்தமாமே?
– கல்லூரி மாணவர், சென்னை

ஓரளவு சொந்தம்தான். லெட்பீட்டருக்குச் சறுக்கிப் பறக்க உதவும் தோல் இல்லை, அவ்வளவே. இரண்டும் காட்டில் கூட்டமாக வாழ்ந்து, இரவில் நடமாடுபவை. அதனால் வாங்காதீர்கள்.

விக்டோரியாவில் இயற்கைக் காடுகளில் மரவெட்டை நிறுத்திவிட்டார்கள். இனி கவலை இல்லையே?
– வாசகி, சிட்னி

2024 ஜனவரி முதல் நிறுத்தியது பெரிய வெற்றி. பல ஆண்டு போராடியவர்களுக்கு என் வணக்கம். ஆனால் தீ நிற்கவில்லை. 2009 பிப்ரவரி 7ஆம் தேதி மூண்ட தீயில் இதன் வாழிடத்தில் ஒரு பெரிய பகுதி சாம்பலானது. 2015இல் ஆஸ்திரேலிய அரசு இதை மிக அபாய நிலையில் உள்ள உயிரினம் என்று அறிவித்தது. எரியாமல் தப்பிய முதிர்ந்த காடு எதுவாயினும், அதில் நிற்கும் ஒவ்வொரு பழைய மரத்தையும் நெருப்பிலிருந்து காப்பதே இனி முதல் வேலை. 2009 தீக்குப் பின் முளைத்த மரங்களில் பொந்து விழ 22ஆம் நூற்றாண்டு பிறந்து பல ஆண்டுகள் ஆக வேண்டும்.