உற்பத்தி கூடுது, வேலை ஏன் கூடல?

ஒரு ஊருக்குப் புது ஃபேக்டரி வருதுன்னு செய்தி வந்தா, முதல்ல ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்க.

தேவையான ஆட்கள் = மொத்த உற்பத்தி ÷ ஒரு ஆள் செய்யும் உற்பத்தி

ஒரு ஆலையில் 100 பேர் ஒரு நாளைக்கு 1,000 பொருள் செய்கிறார்கள். ஆளுக்கு 10. புது மெஷின் வந்து அது 20 ஆகிறது. ஆர்டர் 1,500 ஆக உயர்ந்தாலும் 75 பேர் போதும். உற்பத்தி ஒன்றரை மடங்கு ஆச்சு, ஆனா 25 பேருக்கு வேலை இல்லை. அந்த 100 பேரும் நிலைக்கணும்னா ஆர்டர் 2,000 வரணும்.

நம்ம ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் இது புதுசு இல்லை. கைத்தறியில் ஒரு நெசவாளர் ஒரு தறியில்தான் உட்கார முடியும். விசைத்தறியில் ஒருத்தரே பல தறிகளைப் பார்த்துக்கலாம்.

இதே கணக்குதான் அமெரிக்காவிலும். அங்கே 1979-ல் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர் உற்பத்தித் துறையில் இருந்தார்கள். 2010 தொடக்கத்தில் அது சுமார் 1 கோடியே 15 லட்சம். 2024-லும் 1 கோடியே 30 லட்சத்தைத் தொடவில்லை. சீன இறக்குமதியும் முக்கியக் காரணம்தான். ஆனால் அங்கே மொத்த உற்பத்தி 1979-ஐ விட இன்று அதிகம். அதனால், இறக்குமதி வரி போட்டு ஆலைகளைத் திரும்பக் கொண்டுவந்தாலும் பழைய அளவுக்கு வேலை திரும்புவது கஷ்டம்.

ஆட்டோமேஷன் இல்லாமலும் வேலை போகும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். ஸ்மார்ட்போன் வந்து சந்தை மாறியது. வரி வழக்கால், மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் பிரிவை வாங்கியபோது இந்த ஆலை கைமாறவில்லை. அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் ஆர்டரும் நின்றது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி முடிந்தது. பின்னாளில் சார்ஜர் செய்யும் சால்காம்ப் அந்த ஆலையை வாங்கியது. கட்டடத்துக்கு அடுத்த வேலை கிடைச்சது. ஆட்களுக்கு?

அதனால பிளேஸ்மென்ட்ல சம்பளத்தோட இதையும் கேளுங்க: நிரந்தர வேலையா, கான்ட்ராக்டா? லைன்ல ஒரே ஸ்டேஷனா, இல்ல மெயின்டனன்ஸ், குவாலிட்டி, பி.எல்.சி. கத்துக்க வாய்ப்பு உண்டா? ஒரே ஒரு பொருளை நம்பி நடக்குற ஆலையா? ஆலை மூடினாலும் அடுத்த ஆலைக்கு எடுத்துட்டுப் போக முடியுற கைத்தொழிலைத் தேர்ந்தெடுங்க.