மீண்டும் அதே இடத்தில் கட்டலாமா?
பேரிடர் நிவாரணமும் பொதுப் பணமும் பற்றி ஒரு பாடம்

புயலோ வெள்ளமோ ஒருமுறை அழித்துச் சென்ற ஊருக்கு அரசாங்கம் பணம் தந்து வீடு கட்டிக் கொடுப்பதை எவரும் குறை கூறுவதில்லை. அதே ஊருக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கொடுக்க நேரும்போதுதான் கேள்வி பிறக்கிறது. ஆபத்து வரும் என்று தெரிந்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் கட்டுவதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்பதே அக்கேள்வி.

நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் அங்கத்தினராயுள்ள நம் சங்கங்களுக்கு இது வெறும் பட்டிமன்றப் பொருள் அன்று. ஆற்றங்கரையில் தறிக்குழி வைத்திருப்பவரும், கடற்கரை மணலில் தென்னை வைத்திருப்பவரும் நம்மிடையே உள்ளனர். வரி செலுத்துவோரும் நாமே. நிவாரணம் பெறுவோரும் நாமே. ஆதலால் இரு பக்கத்து நியாயத்தையும் நடுநிலையோடு ஆராயும் கடமை நமக்கு உண்டு.

இரு தரப்பு நியாயங்கள்

கொடுக்கலாகாது என்போர் கூறுவது இது. பொதுப் பணம் எல்லாருக்கும் உரியது. பத்திரமான இடத்தில் குடியிருப்பவரின் வரிப்பணத்தை, ஆபத்தான இடத்தில் கட்டுபவருக்கு ஆண்டுதோறும் கொடுப்பது முறையன்று. அன்றியும், உதவி எப்படியும் வரும் என்று தெரிந்துவிட்டால் மக்களிடம் எச்சரிக்கை குறைந்துவிடும். இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் அமெரிக்க நாடு. அங்கு 1968ஆம் ஆண்டில் அரசாங்கமே வெள்ளக் காப்புறுதித் திட்டம் ஒன்றை ஏற்படுத்திற்று. பல வீடுகளுக்கு ஆபத்தின் அளவுக்கு ஏற்ற பிரிமியம் வசூலிக்கப்படவில்லை. ஒரே வீடு பலமுறை வெள்ளத்தில் கெட்டு, பலமுறை நஷ்டஈடு பெற்று, அதே இடத்தில் எழும்பிற்று. முடிவில், 2017ஆம் ஆண்டில் அத்திட்டம் பட்டிருந்த கடனில் 1,600 கோடி டாலரை அந்நாட்டு காங்கிரஸ் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

கொடுக்கத்தான் வேண்டும் என்போர் கூறுவது வேறு. ஏழை எவனும் ஆபத்தான இடத்தை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. மேட்டு நிலம் விலை கூடியது. பள்ள நிலமே அவனுக்கு எட்டுகிறது. மீன் பிடிப்பவன் கடலை விட்டு வாழ முடியாது. நெல் விளையும் டெல்டா மண்ணே, முன்னாளில் வெள்ளம் கொணர்ந்து சேர்த்த வண்டல்தான். அம்மண்ணில் விளைந்த சோற்றை நாடு முழுவதும் உண்ணும். ஆபத்தை மட்டும் அங்குள்ள உழவனே சுமக்க வேண்டுமெனில் அது நீதியாகுமா?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆகவே வாதத்தை இவ்வளவில் நிறுத்தி, நம் கண்முன் நடந்தவற்றைப் பார்ப்போம்.

தனுஷ்கோடி தரும் பாடம்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும் புயலும் கடற்பெருக்கும் தனுஷ்கோடியைத் தாக்கின. பாம்பனிலிருந்து சென்ற ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளும் கடலுக்கு இரையாயினர். தலைமன்னாருக்குக் கப்பல் செல்லும் துறைமுகமாக, ரயில் நிலையமும் தபால் நிலையமும் கோயிலும் மாதாகோயிலும் கொண்டு விளங்கிய ஊர் இடிபாடுகளாயிற்று.

அரசாங்கம் அப்பொழுது இரண்டு முடிவுகளைச் செய்தது. சேதமடைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் செப்பனிட வேண்டும் என்பது ஒன்று. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் அவ்வேலை முடிந்தது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்பது மற்றொன்று. ஆகவே ஊர் மீண்டும் கட்டப்படவில்லை.

இவ்விரு முடிவுகளும் அறிவுக்கு ஒத்தவையே. பாலம் அந்நாளில் இராமேஸ்வரம் தீவு முழுவதற்கும் உயிர்நாடியாயிருந்தது. அதற்குச் செலவிட்ட பணம் வீணன்று. இரு பக்கமும் கடல் சூழ்ந்த மணல் திட்டில் மறுபடி நகரம் கட்டினால், அடுத்த புயல் மறுபடி கொண்டுபோகும். ஆயினும், அறிவிப்புக்குப் பின் நடந்ததையும் நாம் கவனிக்க வேண்டும். மீனவக் குடும்பங்கள் அங்கேயே ஓலைக் குடிசை போட்டுத் தொழில் நடத்தி வந்தன. நல்ல குடிநீரோ மின்சாரமோ இன்றி அவர்கள் பல காலம் வாழ்ந்தனர். பணம் கொடுக்க மறுப்பதால் மட்டும் ஓர் இடம் காலியாகிவிடாது. பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மனிதர் இருப்பர். வசதியும் பாதுகாப்பும் குறைந்து இருப்பர், அவ்வளவே.

இருநூறு மீட்டர் ஆணை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி, தமிழ்நாட்டில் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் மாநில அரசு வீடு கட்டுவதுபற்றி ஓர் ஆணை வெளியிட்டது. நம் கேள்விக்கு அரசாங்கம் நேராகத் தந்த விடையே அவ்வாணை எனலாம்.

அதன் சாரம் இது: கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர், அந்த எல்லைக்கு அப்பால் செல்லச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசமாகக் கிடைக்கும். செல்ல விரும்பாதவர் பழைய இடத்திலேயே தம் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம்; அரசாங்க உதவி கிடையாது. எவரையும் பலவந்தமாக வெளியேற்றவில்லை; ஆனால் ஆபத்தான இடத்தில் கட்டப் பொதுப் பணம் இல்லை என்பதில் உறுதி காட்டப்பட்டது.

கொள்கையளவில் இது சிறந்ததே. எனினும் மீனவனுக்குப் படகும் வலையும் கரையில் இருக்கின்றன. நள்ளிரவில் காற்றைப் பார்த்துக் கடலுக்குப் புறப்படுபவன் அவன். மீனைக் காயவைக்கும் பெண்களுக்கும் கரையே களம். வீடு தூரத்தில் அமைந்தால், வலை வைக்கும் கொட்டகையும் மீன் உலர்த்தும் தளமும் கரைக்குச் செல்லும் பாதையும் அதனுடன் சேர்ந்து திட்டமிடப்பட வேண்டும். அவை இல்லாத இடத்தில் புது வீடு பத்திரமாயிருந்தும் பிழைப்பு பத்திரமாயிராது.

சாய்ந்த தென்னையும் மூழ்கிய தறியும்

வீட்டைப் பற்றி மட்டும் பேசினால் பாடம் பாதியே ஆகும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மாநில அரசு சாய்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் தருவதாக அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் இது 1,92,500 ரூபாய் ஆகும். நிரந்தரப் பயிருக்கு மத்திய அரசின் பேரிடர் விதிகள் அந்நாளில் அனுமதித்தது ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்தான். ஆகவே மாநிலம் தந்தது சிறிய தொகை அன்று.

ஆனால், நெட்டை ரகத் தென்னம்பிள்ளை நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்து நடுநிலை வகுப்பை முடிக்கும் காலம்வரை வருமானம் இல்லை. அவ்வாண்டுகளில் ஊடுபயிருக்குக் கடனும் பழைய கடனுக்குத் தவணை நீட்டிப்பும் கிடைத்தால்தான் விவசாயி நிலத்தில் நிற்பான். ஒருமுறை கொடுத்து முடிக்கும் நிவாரணத்தால் இவ்விழப்பு தீராது.

நெசவாளரின் நிலை வேறு விதமானது. குழித்தறியில் மிதிபலகை இருப்பது தரைக்குக் கீழே. வெள்ளம் வீட்டினுள் நுழைந்தவுடன் முதலில் நிறைவது அக்குழி. பாவும் ஊடை நூலும் சேற்றில் தோயும். விழுதும் அச்சும் கெடும். நீர் வடிந்த பின்னும் குழியின் ஈரம் காய நாட்கள் செல்லும். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் 2018 ஆகஸ்டு மாதத்தில் இதுவே நடந்தது. ஓணம் விற்பனைக்கென்று அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து வைத்திருந்த சரக்கு சேறாயிற்று. அந்தத் துணியைத் துவைத்துச் சுத்தம் செய்து, 'சேக்குட்டி' என்ற சிறு பொம்மைகளாக்கி விற்று, அப்பணத்தைத் தறிகளை மீட்க உதவினர் நல்லோர் பலர். சேற்றில் பிறந்த குழந்தை என்பது அப்பெயரின் பொருள். பாராட்டத்தக்க முயற்சி, ஆயினும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பொம்மை செய்து தப்ப முடியாது.

சட்டப்படி கிடைப்பது எவ்வளவு? 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த அளவின்படி, சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். கைத்தறி நெசவாளர் உள்ளிட்ட கைவினைஞரின் கருவிகள் கெட்டால் 5,000 ரூபாய். நூலோ நெய்த சரக்கோ கெட்டால் இன்னொரு 5,000 ரூபாய். வாடகை வீட்டில் தறி போட்டிருக்கும் நெசவாளர் நம்மில் எத்தனை பேர்! வீட்டுத் தொகை வீட்டுக்காரருக்குச் செல்லும். தறியை இழந்தவருக்கு, புதிய தறிக்கும் பாவுக்கும் போதாத இச்சிறு தொகையே மிச்சம்.

நூறு ரூபாயின் கணக்கு

பணம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம். பதினைந்தாவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரை மாநிலங்களின் பேரிடர் நிதிக்கு 1,60,153 கோடி ரூபாயைக் குறித்தது. பெரும்பாலான மாநிலங்களில் இதில் முக்கால் பங்கு மத்திய அரசினுடையது. இந்நிதியை நூறு ரூபாயாகக் கொண்டால், உடனடி நிவாரணத்துக்கு 40 ரூபாய், மீட்சிக்கும் மறுகட்டுமானத்துக்கும் 30 ரூபாய், ஆயத்தப் பணிகளுக்கு 10 ரூபாய், ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கு 20 ரூபாய் என்பது பங்கீடு.

கடைசியில் கூறிய 20 ரூபாயின் அருமையை ஒடிசா நாட்டவர் அறிவர். 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். பிறகு புயற்காப்பகங்கள் கட்டினர். எச்சரிக்கை முறையைச் சீர்செய்தனர். ஊர்தோறும் மக்களைப் பழக்கினர். 2013ஆம் ஆண்டில் பைலின் என்ற கடும்புயல் அதே கரையைத் தாக்கியபோது இறந்தவர் தொகை ஐம்பதுக்கும் குறைவு. கடற்கரை அதே கடற்கரைதான். மக்களும் அங்கேதான் வாழ்கின்றனர். முன்கூட்டிச் செலவிட்ட பணமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

நாம் வந்தடையும் முடிவு

மேற்கண்டவற்றை ஒருங்கே நோக்கினால், கொடுக்கலாமா கூடாதா என்ற ஒற்றை விடை இதற்குப் பொருந்தாது என்பது தெளிவாகும். எதற்கு, எந்த நிபந்தனையோடு என்று பிரித்தே விடை கூற வேண்டும். எம் கருத்து வருமாறு:

1. உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகிய உடனடி உதவிக்கு நிபந்தனை எதுவும் விதிக்கலாகாது.

2. தறி, படகு, மாடு, மரக்கன்று போன்ற தொழில் முதலுக்கான உதவி, வீட்டையும் பட்டாவையும் சாராமல், தொழில் செய்பவரைச் சேர வேண்டும். நெசவாளருக்கு இன்றுள்ள அளவு உயர்த்தப்பட வேண்டும்.

3. நிலையான வீட்டுக்குப் பணம் கொடுக்குமிடத்து நிபந்தனை வேண்டும். தளத்தை உயர்த்தியும் உறுதியாகக் கட்டியும் பாதுகாக்கக்கூடிய இடமாயின், அவ்வாறு கட்டுவதற்கே பணம் தரவேண்டும். பாதுகாக்கவே முடியாத இடமாயின், தொழிலுக்கு எட்டிய தூரத்தில் மாற்றிடம் தர வேண்டும். மாற்றிடம் காட்டாமல் உதவியை மறுப்பது ஏழையைத் தண்டிப்பதாகும்.

4. இலாபம் கருதிக் கடலோரத்திலும் ஏரிப் புறம்போக்கிலும் கட்டப்படும் மாளிகைகளுக்கும் விடுதிகளுக்கும் பொதுப் பணம் கூடாது. அவர்கள் தம் காப்புறுதியைத் தாமே செய்துகொள்ளட்டும்.

இந்நான்கையும் ஏற்போமாயின், கசப்பான ஒன்றையும் ஏற்க வேண்டும். நம் அங்கத்தினர் சிலரின் பூர்வீக இடமே பாதுகாக்க முடியாத இடமாக இருக்கலாம். பாட்டனார் தோண்டிய தறிக்குழியை விட்டு வா என்று சொல்வது எளிதன்று. அவ்வேளையில் அவர் தனியே போகாமல், சங்கத்தோடும் அண்டை வீட்டாரோடும் சேர்ந்து போக வழி செய்வதே கூட்டுறவு.

சங்கம் செய்யத்தக்கவை

அரசாங்கத்தை நோக்கிக் கை நீட்டுமுன் நம் கையால் ஆவதைச் செய்வோம். முதலாவது, அங்கத்தினர் ஒவ்வொருவரின் தறி, நூல், மரம், மாடு ஆகியவற்றின் பதிவேடு. ஆண்டுக்கொருமுறை புதுப்பித்து, ஒரு பிரதியை வேற்றூரில் வைக்க வேண்டும். புயலுக்குப் பின் கணக்கெடுக்க வரும் அதிகாரியின் முன் வாய்ச்சொல்லை விட இப்பதிவேடு வலிமையுடையது. இரண்டாவது, சங்கக் கிடங்கின் தளத்தை ஊரறிந்த வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துதல். மழைக்காலத்தில் அங்கத்தினரின் பாவையும் சரக்கையும் அங்கே ஏற்றி வைத்தல். மூன்றாவது, காப்புறுதி. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்புறுதித் திட்டத்தில் காரிப் பருவத்து உணவுப்பயிர்களுக்கு விவசாயியின் பங்கு காப்புறுதித் தொகையில் நூற்றுக்கு 2, ராபிப் பருவத்தில் ஒன்றரை என வகுக்கப்பட்டது. கடன் பெறுவோருக்கும் இது 2020 முதல் விருப்பத்துக்கு விடப்பட்டமையால், கடைசித் தேதியை நினைவூட்டுவது சங்கத்தின் வேலையாகிறது. நான்காவது, இலாபத்தில் சிறு பகுதியைப் பேரிடர் நிதியென்று தனியே ஒதுக்கப் பொதுப் பேரவையில் தீர்மானித்தல். அரசாங்கப் பணம் வர மாதங்கள் ஆகும். முதல் வாரத்தில் அடுப்பெரிய நம் நிதியே உதவும்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் இவற்றைப் பேசி, முடிவைக் குறிப்பேட்டில் எழுதுவாராக.

1. நம் ஊரில் கடந்த வெள்ளத்தின் மட்டம் எவ்வளவு? அதற்குக் கீழே எத்தனை தறிகளும் எத்தனை வீடுகளும் உள்ளன?

2. வாடகை வீட்டில் தறி வைத்துள்ள அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுக்கு எந்தச் சான்று உள்ளது?

3. இடம் மாற நேர்ந்தால், தொழில் கெடாமல் செல்லத்தக்க மேட்டு நிலம் அருகில் எங்குள்ளது? அது யாருடையது?

இம்மூன்றுக்கும் விடை எழுதி வைத்துள்ள சங்கம், ஆபத்து வந்த பின் கெஞ்சி நிற்காது. கணக்கோடு சென்று உரிமையோடு கேட்கும்.