குணமாகத் தயங்குவது நடிப்பா?

“அவனுக்கே குணமாக மனசில்லை, அப்புறம் எதற்கு வாராவாரம் கவுன்சலிங்?” மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர் இருக்கும் வீட்டில் சலிப்போடு எழும் கேள்வி இது. நோயாளி என்றால் நோயிலிருந்து விடுபடத் துடிக்க வேண்டும், துடிக்காவிட்டால் அது சோம்பல் அல்லது நடிப்பு என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. சிகிச்சை பெறுபவரும் அதையே நம்பிவிடுவது இன்னும் கெடுதல். தன் தயக்கத்தை ஆலோசகரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பார். ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிடுவார்.

தயக்கம் இருப்பது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. சிகிச்சையில் முன்னேற்றம் தெரிகிறது என்று சொன்னதுமே நிலை மோசமாகிவிடும் நோயாளிகளைப் பற்றி சிக்மண்ட் பிராய்ட் 1923இலேயே எழுதினார். உள்ளுக்குள் புதைந்த குற்றவுணர்வுதான் காரணம் என்ற அவருடைய விளக்கத்தை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் அவர் கண்டது பொய்யில்லை. சோகத்தை விட மனமில்லாததுபோன்ற தோற்றம் பின்வந்த ஆய்விலும் தெரிந்தது. இஸ்ரேலில் உளவியலாளர் யாயெல் மில்கிராம் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சோகப் படங்களையும் சோக இசையையும் தேர்ந்தெடுத்தார்கள். ‘பார்த்தீர்களா, சோகத்தில்தான் இவர்களுக்குச் சுகம்’ என்று சொல்லிவிடுவது எளிது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் தென் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே கேள்வியை எடுத்து, காரணத்தையும் கேட்டார்கள். அந்த இசை அமைதியாக, ஆற்றுவதாக இருக்கிறது என்பதே பதிலாக வந்தது. அவர்கள் தேடியது துயரத்தை அல்ல, ஆறுதலை.

குணமாவதற்கு அஞ்சவும் காரணங்கள் உண்டு. ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மறுபடியும் வருகிறது. எழுந்தால் திரும்ப விழவேண்டி வருமோ என்ற கணக்கு, அதைப் பட்டவருக்கு வெறும் கற்பனை அல்ல. பல ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தவருக்கு அது இல்லாமல் தான் எப்படி இருப்போம் என்றே தெரியாது. நம் வீடுகளோ முகம் கொஞ்சம் தெளிந்ததுமே ‘இனி வேலைக்குப் போ’, ‘பெண் பார்க்கலாமா’ என்று ஆரம்பித்துவிடும். நின்றுபோன பொறுப்புகள் எல்லாம் ஒரே நாளில் வாசலில் வந்து நிற்கும் என்று தெரிந்தவர் கதவைத் திறக்கத் தயங்கத்தான் செய்வார்.

அப்படியானால் நோயால் ஆதாயம் இருக்கிறது என்றுதானே ஆகிறது என்று கேட்கலாம். இருக்கலாம், மருத்துவம் அதை மறுத்ததில்லை. ஆனால் தூக்கம், பசி, வேலை, நட்பு இத்தனையும் இழந்து அதற்கு ஈடாகக் கிடைக்கும் கொஞ்சம் பரிவையும் ஓய்வையும் ஆதாயம் என்பது விசித்திரமான கணக்கு. நோய் இல்லாமலே அவை கிடைக்க வழியுண்டா என்று ஆலோசகரோடு சேர்ந்து பார்ப்பதுதான் பயனுள்ள வேலை. விருப்பமே இல்லாதவருக்குச் சிகிச்சை எப்படிப் பலிக்கும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஆனால் ஆர்வமின்மை மனச்சோர்வின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. காய்ச்சல் தணிந்த பிறகு மருந்து தருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. மனம் வரும்வரை காத்திராமல் சின்னச் சின்னச் செயல்களில் தொடங்கும் நடத்தைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வில், கடுமையான மனச்சோர்விலும் அது மாத்திரைக்கு ஈடாகப் பலன் தந்தது. உளவியலாளர்கள் வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்நிக்கும் உருவாக்கிய உரையாடல் முறையோ இரண்டு மனதாக இருப்பதைக் குற்றமாகக் கருதாமல் அதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறது. குடிநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்த முறை இன்று வேறு பல சிகிச்சைகளிலும் பயன்படுகிறது.

ஆகவே, தயக்கம் உள்ளவர்கள் அடுத்த சந்திப்பில் ‘குணமாகப் பயமாக இருக்கிறது’ என்று அப்படியே சொல்லிவிடுங்கள். ஆலோசகருக்கு அது புதிய செய்தியாக இருக்காது. வீட்டார் முன்னேற்றத்தைக் கண்டதும் பொறுப்புகளின் பட்டியலை நீட்டாதீர்கள். குணமாக வேண்டாம் என்ற எண்ணம் வாழவே வேண்டாம் என்று மாறினால் மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது: இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, நாள் முழுவதும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.