தொல்லை அழைப்புக்குத் தடை, அவசர அழைப்புக்கு வழி

கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் அழைப்புகளால் வெறுத்துப்போய், தெரியாத எண்கள் எதுவும் ஒலிக்காதபடி போனை அமைத்துவிடுகிறார்கள் பலர். வீட்டில் வயதானவர்களோ பள்ளி செல்லும் பிள்ளைகளோ இருந்தால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரி, பள்ளி அலுவலகம், பக்கத்தில் நிற்பவரின் போனை வாங்கிப் பேசும் உறவினர் என அவசரத்துக்குக் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார்கள்.

அதற்குப் பதிலாக, 1909-ஐ அழைத்து விளம்பர அழைப்புகள் வேண்டாம் எனப் பதிவு செய்யுங்கள். வங்கி ஓடிபி, ரயில் டிக்கெட் தகவல் எல்லாம் வழக்கம்போல் வரும். பதிந்த பிறகும் சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து எதையாவது விற்க அழைத்தால், 7 நாட்களுக்குள் அதே 1909-ல் புகார் கொடுங்கள். 140 என்று தொடங்குவது விளம்பரம், தயங்காமல் தடுக்கலாம். 1600 வரிசை வங்கி, அரசுத் துறைகளின் சேவை அழைப்புகளுக்கானது, அதை விட்டுவையுங்கள். ஆனால் எந்த எண்ணிலிருந்து கேட்டாலும் ஓடிபியைச் சொல்லக் கூடாது.

இரவில் போனை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் வைப்பவர்கள், அதிலேயே உள்ள 'மீண்டும் அழைப்பவர்கள்' வசதியை அனுமதித்து வையுங்கள். ஒரே எண் ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி ஒலிக்கும். அவசரமென்றால் உடனே இன்னொரு தடவை கூப்பிடும்படி அப்பா அம்மாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்.